கம்பிக்கு அந்தப் பக்கம்

எலி கடித்த இடத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. குஞ்சு பொரிக்கும் எந்திரத்தின் பின்பக்கம், ஃபேனுக்குப் போகிற கம்பிகள் இரண்டும் தோல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கருகியிருந்தன. சென்னியம்மாள் பேட்டரியின் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கருகிய நுனிகளை வெட்டி எறிந்தாள். பல்லால் தோலைச் சீவிக் கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். அவள் கணவன் அர்த்தநாரி நாமக்கல்லில் லாரி எலக்ட்ரீசியனாக இருந்தவன். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்த வேலைகளுக்கெல்லாம் டார்ச் பிடித்துப் பிடித்து, இந்த அளவுக்கு அவளுக்கும் கை பழகியிருந்தது.

கிளிப்பை மறுபடி மாட்டினாள். ஃபேன் சுற்றவில்லை. சுவரோரம் பலகைமேல் இருந்த தகரப் பெட்டி 'டிக்' என்றது. பிறகு சும்மா இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து மறுபடி 'டிக்' என்றது.

கிளிப்பை ஆட்டிப் பார்த்தாள். பெட்டியின் தலையில் தட்டினாள். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

வீட்டுக்குள் கூட்டிக்கொண்டிருந்த பொன்னாயி விளக்குமாற்றுடன் வாசலுக்கு வந்து நின்றாள். வேலைக்காரி என்றாலும் அந்த வீட்டில் அதட்டிப் பேசுகிறவள். இப்போது அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

"சாமி, இங்க வந்து பாருங்க. அய்யன் படத்துக்கு முன்னால..."

அர்த்தநாரியின் படம் மாட்டியிருந்த உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பங்குனியில் அர்த்தநாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே செத்துப்போனதிலிருந்து அந்த அறைக்குள் பெண்கள் இருவரைத் தவிர யாரும் போவதில்லை. கருமாதி முடிந்தும் விளக்கு அணையக்கூடாது, வருஷம் திரும்பும்வரை எரியவேண்டும் என்று சென்னியம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். எண்ணெய் விளக்குத்தான் முதலில். ஆடிக் காற்றில் அது ஒருநாள் அணைந்துபோனது. அவள் சோறு தின்னாமல் கிடந்து, மறுநாள் ஒரு பல்பை எடுத்துத் தொங்கவிட்டாள். வேன் ஒன்றின் ஹெட்லைட்டுக்குப் போடுகிற பல்ப். அர்த்தநாரி விழுந்தபோது அது அவன் சட்டைப் பையில் இருந்தது. கைக்கடிகாரம், திருநீற்றுப் பொட்டலம், பல்ப் என்று மூன்றையும் பட்டறைக்காரர்கள் ஒரு துண்டில் முடிந்து கொடுத்தார்கள். விழுந்தும் உடையவில்லை.

அந்த பல்ப் இப்போது இருட்டாக இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கம்பி மெல்லச் சிவந்தது. படத்தில் அர்த்தநாரியின் மூக்கும் மீசையும் தெரிந்தன. உடனே மறைந்தன. வெளியறையில் 'டிக்' என்று கேட்டது. மறுபடி சிவந்தது, மறைந்தது.

"மூச்சு உடற மாதிரியே இருக்குதுங்க சாமி" என்றாள் பொன்னாயி.

சென்னியம்மாள் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்து, அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள்.

கோணமடை என்ற அந்த ஊர், ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற மண் சாலையில் இருக்கிறது. எண்பத்தாறாம் வருஷம் அது. அந்தப் பக்கத்துக் காடுகளில் கடலைக்கொடி பிடுங்கிய இடத்திலெல்லாம் கோழிக் கொட்டகை முளைத்துக்கொண்டிருந்தது. வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், குஞ்சு பொரிக்க ஆளில்லை என்று கண்டு அர்த்தநாரி தானே பலகை அறுத்து எந்திரம் செய்தான். பீரோ மாதிரி இருக்கும். உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. கரண்டில் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று. சூட்டைச் சமமாகப் பரப்ப ஃபேன். சூடு ஏறினால் சுருளை நிறுத்தவும் இறங்கினால் மூட்டவும் ஒரு கருவி. ஃபேனுக்கும் கருவிக்கும் பன்னிரண்டு வோல்ட் ஏற்ற இறக்கம் இல்லாமல் வேண்டும். அந்தப் பக்கத்துக் கரண்டை நம்ப முடியாது. அதனால் சார்ஜில் கிடக்கும் இரண்டு லாரி பேட்டரிகளிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கத்தான் அந்தத் தகரப் பெட்டி. சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலை செய்யும் சிநேகிதன் சுப்பையனோடு சேர்ந்து செய்தது. சுப்பையன் அதை ஸ்விட்சிங் ரெகுலேட்டர் என்பான். வீட்டில் அதற்குப் பெயர் பொட்டி.

பொட்டி எழவில்லை என்றால் ஃபேன் இல்லை, கருவி இல்லை, சூடு இல்லை. தட்டுகளில் இருந்தவை பொரிக்கிற கெடுவை நெருங்கிக்கொண்டிருந்த முட்டைகள். கணவன் இல்லாமல் சென்னியம்மாள் தனியாக வைத்த முதல் ஈடு. அவன் தம்பி குழந்தைவேலும் பங்காளிகளும் கருமாதி அன்றே பேசி முடித்திருந்தார்கள்: ஒரு ஈடு வைத்துப் பார்க்கட்டும், பொரித்தால் எந்திரம் அவளிடம் இருக்கட்டும், கெட்டால் அந்த அறையைக் கடலைக்காய் போட விட்டுவிடவேண்டும். அவளும் சரி என்றிருந்தாள்.

பொன்னாயி தவலையில் தண்ணீர் காயவைத்தாள். சின்னக் குண்டாக்களில் ஊற்றி, சாக்குச் சுற்றி, எந்திரத்தின் அடியில் இரண்டும் நடுவில் ஒன்றுமாக வைத்தார்கள். சூடுமானியைப் பார்த்துப் பார்த்து, ஆறினதை எடுத்துக் கொதித்ததை வைக்கவேண்டும். மேல்தட்டு முட்டை வெந்துவிடாமல், கீழ்த்தட்டு குளிர்ந்துவிடாமல் தட்டுகளை மாற்றி மாற்றிச் செருகவேண்டும். இரண்டு பெண்களுக்கும் இடுப்பு நிமிரவில்லை. பக்கத்தில் பெட்டி டிக் டிக் என்றுகொண்டே இருந்தது.

"அதை நிறுத்திப் போடலாமுங்களா?" என்றாள் பொன்னாயி. "நெஞ்சுல குத்தற மாதிரி இருக்குது."

"இருக்கட்டும்."

"ஓடாத பொட்டி எதுக்குங்க சத்தம் போடோணும்?"

"இருக்கட்டும்னு சொல்றேனல்ல. தண்ணியப் பாரு."

குழந்தைவேல் சாயங்காலம் காட்டிலிருந்து வந்தான். மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு அறை வாசலில் நின்று கேட்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"என்னங் நங்கையா அது, கவுளி கத்தற மாதிரி?" அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவது.

"எலி கடிச்சு ஷார்ட் ஆயிப்போச்சு. சரி பண்ணிட்டேன். அப்புறமும் ஏறமாட்டீங்குது."

"சரி பண்ணினா ஏறோணுமல்ல?"

"ஏறோணும்."

"அப்ப அது ஷார்ட் இல்லீங்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் செஞ்ச பொட்டி. அண்ணன் போனப்பவே இதுவும் நின்னு போயிருந்தா ஒண்ணும் இல்லை. இத்தனை மாசம் ஓடிட்டு, இப்ப நின்னு கூப்புடுதுன்னா என்ன அர்த்தமுங்க? மேக்கால ஊருக் கோடாங்கிய வரச் சொல்றேன், குறி கேட்டுப் பாக்கலாம்."

"சூரமங்கலத்துக்குப் போயி சுப்பையண்ணனக் கூட்டிட்டு வாங்க. கோடாங்கிய அப்புறம் பாப்போம்."

"ரெண்டு பேரையும் சொல்லிப் போடறேன். யாரு முந்தி வாராங்களோ."

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வந்துட்டா டிக்கெட்டு ஒண்ணாப் போட்டுக்கலாமுங்க" என்றாள் பொன்னாயி அடுப்படியிலிருந்து. குழந்தைவேல் அவளை முறைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

சுப்பையன் மறுநாள் காலையில் வந்தான். ரயில் பெட்டிகளின் விளக்கும் பேட்டரியும் பார்க்கிற வேலை அவனுக்கு. ஆட்டையாம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அர்த்தநாரியோடு படித்தவன். தோளில் ரெக்சின் பை, கண்ணில் தடிக் கண்ணாடி. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டி முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"பயந்துட்டீங்களாக்கும் அம்மிணி? இது அதோட புத்தி. நானும் அர்த்தநாரியும் அப்படித்தான் பண்ணி வெச்சோம். ஷார்ட் ஆச்சுன்னா கருகிப் போவாம தானே வாயை மூடிக்கும். சித்தெ நேரம் பொறுத்து, கொஞ்சமே கொஞ்சம் உட்டுப் பாக்கும். ஷார்ட் போயிருந்தா எந்திரிச்சுக்கும். போவலீன்னா மறுபடி மூடிக்கும். அந்த உட்டுப் பாக்கறதுதான் இந்த டிக்."

"ஷார்ட்டுத்தான் போயிருச்சேண்ணா. நானே கம்பி மாத்தினேன்."

அவன் அவள் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பச் சுற்றினான். "அப்ப பொட்டிக்குள்ள எதோ அடி வாங்கியிருக்குது" என்றான்.

பெட்டியைத் திறந்து, டிரான்சிஸ்டர் ஒன்றை மாற்றினான். ஈயம் உருகிய வாசம் அறையில் நிரம்பியது. மாட்டினான். டிக். இன்னொன்றை மாற்றினான். டிக். மத்தியானம் களியும் கொள்ளுப் பருப்பும் போட்டார்கள். உருண்டையைப் பருப்பில் தொட்டு விழுங்கியபடியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சிரித்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கறேன் அம்மிணி. மேசையில வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் முட்டை தாங்குமா?"

சென்னியம்மாள் உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்தாள்.

"கொண்டுதான் போவோணுங்களா?"

"இங்க வெச்சு என்ன பண்றது?"

அவன் பெட்டியிலிருந்து கம்பிகளைக் கழற்றினான். டிக் சத்தம் நின்றது. வீடு முழுக்க ஓர் அமைதி வந்து இறங்கியது. உள்ளறையில் பல்ப் இருண்டு போயிருக்கும் என்று சென்னியம்மாளுக்குத் தெரியும். அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பஸ் ஏற்ற வாசலுக்கும் வரவில்லை. பொன்னாயிதான் வந்தாள். பெட்டியைத் துண்டில் கட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "பொட்டி பஸ்ஸுல வாயே தொறக்கலீங்க சாமி."

அன்று இரண்டு பெண்களும் முறை போட்டு வெந்நீர் மாற்றினார்கள். நடுவில் சென்னியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சின் வாயில் முட்டையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாள் முற்றிய முட்டை. உள்ளே இருட்டு நிறைந்திருந்தது. மேல் நுனியில் காற்றுப் பையின் விளிம்பு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. உயிர் இருந்தால் அந்த விளிம்பு இலேசாக அசையும். அசையாதவற்றைத் தனியே ஒரு முறத்தில் வைத்தாள். முறம் மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தது.

"போனது போவட்டுமுங்க சாமி" என்றாள் பொன்னாயி.

"நீ மேல்தட்ட எடு."

சுப்பையன் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டான். தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. முகத்தில் மட்டும் சந்தோஷம்.

"பொட்டி பொன்னு மாதிரி ஓடுது அம்மிணி. மேசையில வெச்சு மோட்டார மாட்டிச் சுத்த உட்டேன். நானே கம்பியத் தொட வெச்சு ஷார்ட் பண்ணினேன். எடுத்ததும் எந்திரிச்சுக்கிச்சு. எத்தனை தடவை பண்ணினாலும் எந்திரிக்குது. விடிய விடிய ஓடியிருக்குது."

குழந்தைவேலும் வந்து வாசலில் நின்றான். சுப்பையன் பெட்டியைப் பலகைமேல் வைத்து, எந்திரத்துக் கம்பியை மாட்டி, பேட்டரியின் கிளிப்பைக் கவ்வ விட்டான்.

டிக்.

உள்ளறைக் கதவின் கீழ் இடுக்கில் ஒரு சிவப்புக் கோடு தோன்றி மறைந்ததை சென்னியம்மாள் மட்டும் பார்த்தாள்.

டிக்.

"அங்க ஓடுது, இங்க ஓடமாட்டீங்குது" என்றான் குழந்தைவேல். "நான் சொன்னா கேக்கறீங்களா? பொட்டியில ஒண்ணுமில்லீங். ஊட்டுலதான் இருக்குது."

"கம்முனு இருங்க மாப்பிள்ளை" என்றான் சுப்பையன். ஆனால் அவன் கையும் பெட்டியைத் தொடுவதற்குள் ஒருகணம் தயங்கியது.

அவன் எழுந்து எந்திரத்தின் பின்பக்கம் போனான். ஃபேன்தான் கெட்டிருக்கவேண்டும், அதுதான் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஃபேனின் இரண்டு முனைகளையும் கழற்றி வெளியே எடுத்துவிட்டான். டிக். சூட்டுக் கருவியையும் கழற்றினான். இப்போது எந்திரத்துக்குள் பெட்டியிடம் கரண்ட் கேட்க எதுவுமே இல்லை. பெட்டி அப்போதும் டிக் என்றது.

சுப்பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பெட்டியின் பக்கத்திலேயே எந்திரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றினான். டிக் நின்றது. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. கம்பியை வைத்தான். பச்சை அணைந்தது. டிக். எடுத்தான். எரிந்தது.

மீட்டரை எடுத்து, கழற்றிய கம்பியின் நுனிகளில் வைத்தான். முள் சரேலென்று கடைசிக்கு ஓடி நின்றது. ஃபேன் தரையில் கிடந்தது. கருவி தரையில் கிடந்தது. ஷார்ட்டும் இல்லை, அவன் கண்ணால் பார்த்துவிட்டான். மீட்டரோ கம்பியின் மறுநுனி வெறுமையாக இல்லை என்று சொல்லிற்று.

அவன் சென்னியம்மாளைப் பார்க்காமல், கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கம்பிக்கு அந்தப் பக்கம் ஆரோ இருக்கறாங்க அம்மிணி. இழுத்துப் புடிச்சிட்டு உடமாட்டீங்கறாங்க."

குழந்தைவேல் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பொன்னாயி கையிலிருந்த குண்டாவைக் கீழே வைத்தாள். வெளியே களத்தில் காற்றில்லை. தட்டுகளில் சூடு இறங்கிக்கொண்டிருப்பதை எல்லாரும் மறந்திருந்தார்கள், சென்னியம்மாளைத் தவிர. அவள் சூடுமானியைப் பார்த்தாள். பிறகு எந்திரத்தின் மேற்பலகையைத் தூக்கி, உள்ளே கையை விட்டுக் காட்டினாள். பலகையின் மறைவில், ஃபேன் கம்பியோடு சேர்த்து முறுக்கி இன்னொரு ஜோடிக் கம்பி கட்டப்பட்டிருந்தது. அது சுவர் ஓட்டை வழியாக வீட்டுக்குள் போனது.

"நாந்தாண்ணா கட்டினேன்" என்றாள். "அவரு வெளக்குக்கு. கரண்டு போனாலும் எரியோணுமல்ல."

"எந்த வெளக்குக்கு?"

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். சுப்பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நிலைப்படிவரை குழந்தைவேலும் வந்தான். பொன்னாயி வெளியறையிலேயே நின்று, சுப்பையன் சைகை காட்டியதும் கம்பியைப் பெட்டியில் வைத்தாள். டிக். பல்புக்குள் சிவந்தது. அர்த்தநாரியின் முகம் இருட்டிலிருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போனது. டிக். வந்தது, போனது. குழந்தைவேல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இதை எங்கிட்ட ஏம் சொல்லலை?" என்றான் சுப்பையன். குரலில் கோபம் இல்லை.

"சொன்னாக் கழட்டிப் போடுன்னுவீங்க."

"ஷார்ட்டுக்கு முன்னால ஒழுங்கா எரிஞ்சுதா?"

"ஆடிக் கடைசியிலிருந்து எரியுது. பொட்டி ஒண்ணும் முனகலை. கையளவு பல்புதானே."

"மாட்டறப்ப எப்படி மாட்டினீங்க?"

"அவரு பண்ற மாதிரித்தான். பொட்டி ஓடிட்டிருக்கறப்பவே கம்பிய வெச்சு வெச்சு எடுத்தேன். மொதத் தட்டுல ஃபேன் சித்தெ தெணறுச்சு. தட்டித் தட்டி உட்டதும் புடிச்சுக்கிச்சு."

சுப்பையன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கம்பியை ஒரேயடியாக மாட்டாமல் நுனியால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அர்த்தநாரியும் தட்டித்தான் பார்ப்பான்.

"தட்டினதுலயே பல்பு சூடேறிக்கிச்சு அம்மிணி. சூடான பல்பு வேற, குளுந்த பல்பு வேற. சூடேறிட்டா அடக்கமாக் குடிக்கும். குளுந்து கெடக்கறப்ப பத்துப் பங்கு கேக்கும், கிட்டத்தட்ட ஷார்ட்டு மாதிரியே. எலி கடிச்சதும் பொட்டி நின்னுது, பல்பு குளுந்துது. நீங்க கம்பிய மாத்தி மாட்டினதும் பொட்டி எந்திரிக்கப் பாக்குது. இது பத்துப் பங்கு கேக்குது. ஷார்ட்டு இன்னும் போவலைன்னு நெனச்சு அது வாயை மூடிக்குது. அதுக்குள்ள இது மறுபடி குளுந்து போவுது."

"அப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு..."

"ஆமா. அதால இதுக்கு உசுரு குடுக்க முடியலை. இது உடாம அதால எந்திரிக்க முடியலை."

சென்னியம்மாள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்தது. போனது.

"அப்ப அவரு மூச்சு இல்லீங்களா இது?"

சுப்பையன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தான். துடைக்கவேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

"பொட்டி என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியும் அம்மிணி. மத்தது தெரியாது."

"நோம்பு இருக்குதுங்க. வருசம் திரும்பற வரைக்கும் வெளக்கு அமரக் கூடாதுன்னு" என்றாள் அவள். அவனிடம் சொல்வதைப் போல இல்லை.

"நானே கழட்டட்டுமா?"

"வேண்டாம்."

நிலைப்படியிலிருந்து குழந்தைவேல், "நங்கையா, கோடாங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தான்.

"தட்டுல சூடு எறங்குது தம்பி."

பொன்னாயிதான் வெளியறையிலிருந்து குரல் கொடுத்தாள். "சாமி, நூறுல நிக்கோணும்னது தொண்ணூறுக்குக் கீழ போவுதுங்க."

சென்னியம்மாள் படத்தின் முன்னால் போய் நின்றாள். தட்டில் நேற்றைய அரளிப் பூ வாடிக் கிடந்தது. சிவப்பு வரும்வரை காத்திருந்தாள். வந்தது. முகம் தெரிந்தது. அது மறைவதற்குள் பல்பைக் கையில் பிடித்து, கம்பியை ஒரு திருகலில் கழற்றிவிட்டாள்.

வெளியறையில் பெட்டி இன்னொரு டிக் சொல்லவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. சுப்பையன் ஓடிப்போய் ஃபேனையும் கருவியையும் மாட்டினான். ஃபேன் இரண்டு முறை திணறிப் பிறகு இழைந்து சுற்றத் தொடங்கியது. சுருள் சிவந்தது. பொன்னாயி குண்டாக்களை வெளியே எடுத்தாள். சூடுமானியில் கோடு மெல்ல ஏறுவதை நால்வரும் பார்த்தார்கள்.

பல்ப் சென்னியம்மாளின் உள்ளங்கையில் இருந்தது. உடம்புச் சூட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

"இப்பப் பொட்டி எந்திரிச்சுக்கிச்சு" என்றான் சுப்பையன். "வேணும்னா திருப்பி மாட்டித் தரேன். நீங்க பண்ணின மாதிரித் தட்டித் தட்டி உட்டா புடிச்சுக்கும்."

"மறுக்கா எலி கடிச்சா?"

"மறுக்காவும் இப்படித்தான். ரெண்டும் கெடந்து தவிக்கும்."

அவள் உள்ளறைக்குப் போனாள். ஆணியில் அர்த்தநாரியின் காக்கிச் சட்டை தொங்கியது. பட்டறையில் கழற்றித் தந்தது, இன்னும் துவைக்கவில்லை. பல்பை அதன் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். ஓரத்தில் கிடந்த பழைய அகலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரி திரித்து ஏற்றினாள். காற்றுக்கு மறைப்பாக முறத்தைச் சாத்தி வைத்தாள். அதில் இருந்த முட்டைகளைப் பொன்னாயி எருக்குழியில் கொட்டியிருந்தாள்.

மத்தியானம் சோளச் சோறும் தக்காளி ரசமும் வைத்தார்கள். சுப்பையன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். குழந்தைவேலும் முதல்முறையாக எந்திரத்து அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். எந்திரத்துக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

"கோடாங்கிக்குச் சேவல் வேற சொல்லிப் போட்டேன்" என்றான்.

"சேவல இங்க கொண்டாந்து உடுங்க" என்றாள் பொன்னாயி. "பொரிச்சு வாரதுக்கு அப்பன்னு ஒருத்தன் வேணுமல்ல."

சுப்பையன் சிரித்தான். குழந்தைவேலும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கிய பிறகு அறையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. இத்தனை பொழுதாக அங்கே கேட்டுக்கொண்டிருந்த ஒன்று இப்போது இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. காது தானாகவே அதைத் தேடிக்கொண்டிருந்தது.

சுப்பையன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான்.

"கேட்டுதா?"

டிக்.

குழந்தைவேலின் கை தட்டிலேயே நின்றது. சுப்பையன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பச்சை ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் நிற்கவில்லை. உள்ளறைக் கதவிடுக்கில் அகலின் மஞ்சள் வெளிச்சம், அசைவில்லாமல்.

டிக். பிறகு ஓர் இடைவெளி. ஒரு மூச்சு இழுத்து விடுகிற அதே இடைவெளி. டிக்.

சென்னியம்மாள் எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கையால் எந்திரத்தின் கதவை நீக்கி, தலையை உள்ளே நீட்டினாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. நடுத்தட்டின் ஓரத்தில் ஒரு முட்டை, பருத்த நுனிக்குச் சற்றுக் கீழே, நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. அவள் காதை அதன் அருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியதைப் பொன்னாயி பார்த்தாள்.

"என்னங் நங்கையா, என்ன சத்தம் அது?" என்றான் குழந்தைவேல்.

அவள் ஓட்டுக்குள் தட்டிக்கொண்டிருந்ததற்கு ஏதோ சொன்னாள், மிகவும் தணிந்த குரலில், யாருக்கும் கேட்காமல். பிறகு சூடு போய்விடும் என்று கதவைச் சட்டென்று சாத்தினாள்.